பத்து வெளியே, பத்து உள்ளே

1. மஞ்சள்

பாண்டியம்மாவின் பையன் பிறந்து இருபத்தாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பழுத்த மலைவாழைப்பழத்தின் நிறத்துக்கு வந்துவிட்டான்.

பிறந்து மூன்றாம் நாள் வரும் மஞ்சள் பெரும்பாலும் தானாகப் போய்விடும். முதல் நாளே வருவது அப்படியல்ல. முதல் வருடம் நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்கும் இது தெரியும். ஆனால் அன்று காலை பிரசவ வார்டில் இதற்குப் பல காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. கர்ப்பத்தில் பப்பாளி தின்றது ஒன்று. கிரகணத்தன்று வெளியே வந்தது இன்னொன்று. பக்கத்துக் கட்டில் பெண்ணின் சித்தப்பா ஒருவர், தாய் மஞ்சள் சேலையில் வந்து அட்மிட் ஆனதையும் சேர்த்துக்கொண்டார். எல்லாக் காரணமும் தாயிடமே போய் முடிந்தது.

கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அங்கே எனக்கு 'வெளியே சிஸ்டர்' என்று பட்டப்பெயர். எட்டிப் பார்க்கும் அப்பாக்களையும், பால் கொடுத்து முடித்தும் எழுந்திருக்காத அம்மாக்களையும் நான் அந்த ஒரே சொல்லால் விரட்டுவேன். பெற்றவர்கள் உள்ளே வந்தால் கிருமி வரும், கேள்வி வரும், அழுகை வரும். மூன்றில் எனக்கு அதிகம் பிடிக்காதது கேள்விதான். ஆனால் வாசல் பலகையில் கிருமி என்று மட்டும்தான் எழுதி வைத்திருந்தோம்.

குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு காலை ஏழரைக்கு வந்தது. தாய் ஓ நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ். தாயின் உடம்பில் உண்டான எதிர்ப்பு, தொப்புள்கொடி வழியாகப் போய், பிள்ளையின் ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டிருந்தது. உடைந்ததெல்லாம் மஞ்சளாகச் சேர்கிறது. அந்த மஞ்சளின் அளவான பிலிருபின் இருபத்திரண்டு, அந்த வயதுக்கு மிக அதிகம். மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கை இரண்டாக்கியும் அது இறங்கவில்லை. எட்டு மணிக்குப் பிள்ளை பால் இழுப்பதை நிறுத்தினான். அழுகை கீச்சென்று பூனைக்குட்டிச் சத்தமாக மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மஞ்சள் மூளைக்கு ஏறப் போகிறது என்று அர்த்தம். ஏறிவிட்டால் காது போகலாம், கைகால் போகலாம், உயிரும் போகலாம்.

2. மலை அடைபட்டது

அப்போது எங்கள் குழந்தை டாக்டர் நிவேதிதா. மதுரைப் பெண். மலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மே மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் ரவுண்ட்ஸ் வருவார்.

இப்படிப்பட்ட குழந்தையைக் கீழே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதுதான் எங்கள் வழக்கம். அனுப்புவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். லெட்டர் ஐந்து நிமிடத்தில் தயாராகிவிடும். அன்று லெட்டர் தயார், ஆம்புலன்ஸ் தயார், ரோடு இல்லை. முந்தின நாள் மழையில் பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து, வத்தலக்குண்டு ரோடு அடைந்து கிடந்தது. சீசன் சனிக்கிழமை வேறு.

ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலிலேயே நின்று சொன்னார்: "எல்லா வண்டியையும் பழநி ரோட்டுல திருப்பி விட்டுருக்காங்க சிஸ்டர். அங்கயும் டூரிஸ்ட் பஸ்ஸு வளைவுக்கு வளைவு சிக்கிக் கெடக்கு. இப்பக் கெளம்புனா சாயந்தரம் எறங்கலாம். பிள்ளை தாங்குமான்னு நீங்கதான் சொல்லணும்."

தாங்காது.

டாக்டர் நிவேதிதா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இங்கயே எக்ஸ்சேஞ்ச் பண்ணிடலாம் சிஸ்டர்."

எக்ஸ்சேஞ்ச் என்றால், தொப்புளின் ரத்தநாளத்தில் மெல்லிய குழாய் விட்டு, பிள்ளையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, அதே அளவு புது ரத்தத்தை உள்ளே விடுவது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். நான் சேர்ந்ததிலிருந்து எங்கள் பிரிவில் அதற்கு முன் இரண்டு முறை செய்திருக்கிறார்கள். ஒரு குழந்தை பிழைத்தது.

"நீங்க பண்ணியிருக்கீங்களா மேடம்?" என்றேன்.

"படிக்கறப்போ நாலு தடவ. பக்கத்துல புரொஃபசர் நின்னாரு."

"இன்னைக்கு?"

"நீங்க நில்லுங்க."

ஓ நெகட்டிவ் ரத்தம் பழநியில் ஒரு பை இருப்பதாகப் போனில் தெரிந்தது. பாண்டியம்மாவின் கணவர் சுருளி, டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுபவர். தாயின் ரத்த சாம்பிளையும் தடுப்பூசி கொண்டுபோகும் ஐஸ் பெட்டியையும் அவர் கையில் கொடுத்தோம். காரை விட்டுவிட்டு, மச்சினன் பைக்கை வாங்கிக்கொண்டு, வடகவுஞ்சி வழியாக இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு கேஷுவாலிட்டியில் கூட்டம் நிரம்பியது. வளைவு வளைவாக ஏறி வந்து வாந்தி எடுத்தவர்கள் ஒரு பக்கம், குரங்குக்கு பிஸ்கட் நீட்டி விரலையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், ஹோம்மேட் சாக்லேட்டை அரைக்கிலோ தின்று வயிறு வலிக்கிற மகனோடு குழந்தை டாக்டரைத் தேடி எங்கள் பிரிவு வாசலுக்கே வந்துவிட்டார்.

"டாக்டர் ஒரு சீரியஸ் கேஸ்ல இருக்காங்க சார்," என்றேன்.

"நான் யார்னு தெரியுமா உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை மருத்துவமனையில் தினமும் யாராவது கேட்பார்கள். நினைவு தப்பிய நோயாளி கேட்டால் நாங்கள் பதற்றப்படுவோம். இவர் நன்றாக நினைவோடு இருந்தார். நாங்கள் ஏஓ என்று கூப்பிடும் எங்கள் நிர்வாக அலுவலர் ஓடி வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், தன் அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்தார். அன்று காலை அந்த அலுவலர் மருத்துவமனைக்குச் செய்த மிகப் பெரிய உதவி அதுதான்.

3. கை போதவில்லை

சுருளி ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு. பெட்டியை மட்டும் துண்டால் சுற்றி மார்போடு கட்டியிருந்தார்.

"வடகவுஞ்சி தாண்டி ஒரு பஸ்ஸு குறுக்க கெடந்துச்சு சிஸ்டர். சனம் பூரா எறங்கி போட்டோ புடிச்சிக்கிட்டு நிக்கிது. பிள்ளைக்கு ரத்தம் கொண்டு போறேன், வழி விடுங்கன்னு கத்துனேன். ஒரு ஆளு நான் கத்துறதையும் வீடியோ எடுத்தாரு."

"வழி விட்டாங்களா?"

"வீடியோ எடுத்து முடிச்சிட்டு விட்டாங்க."

ரத்தம் வந்துவிட்டது. ஆள் இல்லை. லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த என் ஜூனியர் நர்ஸ், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். கேஷுவாலிட்டி நர்ஸ் குரங்குக் கடிக்கு ஊசி போட்டு மாளவில்லை. டாக்டர் சிரிஞ்சைப் பிடிக்க வேண்டும். நான் ரத்தப் பையைப் பார்த்து, அளவைச் சொல்லி, எழுத வேண்டும். பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

"அம்மாவக் கூப்பிடுங்க," என்றார் டாக்டர்.

"மேடம், பால் கொடுக்கத் தவிர பேரன்ட்ஸ் உள்ள வரக் கூடாது. இன்ஃபெக்‌ஷன்."

"போன வாரம் ஏஓ ஷூவோட உள்ள வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாரே, அன்னைக்கு இன்ஃபெக்‌ஷன் லீவுல இருந்துச்சா?"

அந்தப் போட்டோவில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அதற்குள் ஏஓ காபி உபசாரத்தை முடித்துக்கொண்டு வந்து நின்றார். "ரூல்ல எடமில்ல டாக்டர். நேத்துப் பிரசவமான பொம்பள. உள்ள மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு? எனக்கு லெட்டர் வேணும்."

பாண்டியம்மா அவருக்குப் பின்னால்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வயது. வில்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் காட்டேஜில் அறை சுத்தம் செய்பவள். தையல் போட்ட உடம்பு. நிற்பதற்கே காலை அகட்டி வைக்க வேண்டியிருந்தது.

"நான் விழ மாட்டேன் சார்," என்றாள். "அப்பிடி விழுந்தா ஓரமா இழுத்துப் போட்டுட்டுப் பிள்ளையப் பாருங்க."

ஏஓவுக்கு இதற்கு எந்த ஃபார்ம் நீட்டுவது என்று தெரியவில்லை. போய்விட்டார்.

அவளைக் கை கழுவ அழைத்துப் போனேன். எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கையை உயர்த்திப் பிடித்துத் தண்ணீர் வடிய விட்டாள். கழிப்பறை கழுவுகிறவளுக்குக் கை கழுவத் தெரியாதா? எனக்குத்தான் அது அன்றுவரை தோன்றவில்லை.

4. இருநூற்று நாலாம் நம்பர் ரூம்

பிள்ளையின் கைகால்களைப் பஞ்சு வைத்துப் பலகையில் கட்டியிருந்தேன். குழாய் நழுவாமலிருக்க அப்படித்தான் கட்டுவோம். பாண்டியம்மா அதைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. அழவில்லை.

"காலு கட்டியே இருக்கட்டும் சிஸ்டர். கைய அவுத்து விடுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். இடது கையைப் பிள்ளையின் உச்சந்தலையைச் சுற்றி வைத்துக்கொண்டாள். வலது கைச் சுண்டுவிரலை நீட்டினாள். அவன் பற்றிக்கொண்டான். அந்த விரலை அவன் முறுக்கிப் பிடித்த பிறகுதான் டாக்டர் தொப்புளில் குழாயை ஏற்றினார். பிள்ளை கத்தினான். தாய் கண்ணை மூடவில்லை.

"பத்து வெளியே," என்றார் டாக்டர். பத்து மில்லி பழைய ரத்தம் சிரிஞ்சில் வந்தது.

"பத்து வெளியே," என்று திருப்பிச் சொல்லி எழுதினேன்.

"பத்து உள்ளே."

"பத்து உள்ளே."

இப்படி நாற்பத்தைந்து முறை. அத்தனை வருடம் நான் சொன்ன 'வெளியே'க்கெல்லாம் சேர்த்து அன்று ஒரே மத்தியானத்தில் என்னை 'உள்ளே' சொல்ல வைத்தார்கள்.

மூன்றாம் சுற்றில் பிள்ளை திமிறத் தொடங்கினான். இதயத் துடிப்பு நூற்று எண்பதைத் தாண்டியது. பாண்டியம்மா குனிந்து பேச ஆரம்பித்தாள். தாலாட்டாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"இருநூத்தி நாலாம் நம்பரு ரூமுல நாலு பேரு வந்துருக்காங்கடா. நாலு பேருக்கு எட்டுத் துண்டு கேக்குறாங்க. குளிக்கவே மாட்டாங்க, குளுருதும்பாங்க. ஆனா எட்டுத் துண்டு வேணும். இருநூத்தி அஞ்சு ஒரு புதுசா கல்யாணமான சோடி. வெள்ளனே கதவத் தட்டுனா கோவம் வரும். மத்தியானம் தட்டுனா ஏன் வெள்ளனே சுத்தம் பண்ணலன்னு கோவம் வரும். இருநூத்தி ஆறுல ஒரு அம்மா. சன்னலத் தெறந்தா மேகம் உள்ள வந்துருச்சு, தொடச்சி விடுன்னு போன் பண்ணுது..."

"ஷ்..." என்றேன், பழக்கதோஷத்தில்.

"பேசட்டும் சிஸ்டர்," என்றார் டாக்டர், சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "நூத்தி நாப்பதுக்கு எறங்கிருக்கு."

இரண்டு நாள் பிள்ளையிடம் பேச அவளுக்கு வேறு என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னாள். இரண்டாம் மாடி முடிந்து மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு அறையையும் தட்டி, படுக்கையை உதறி, அங்கே இருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்தினாள். டாக்டர் முகக்கவசத்துக்குள் இரண்டு முறை சிரித்தார். பிள்ளை விரலை விடாமல் கிடந்தான்.

இருபத்து மூன்றாம் சுற்றில் பேச்சு நின்றது.

"சிஸ்டர். வெரல விட்டுட்டான்."

மானிட்டரைப் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு. "தூங்கறாம்மா. நல்லதுதான்."

"இது தூக்கம் இல்ல. கை ஜில்லுன்னு கெடக்கு. டாக்டரம்மா, மிசினப் பாக்காதீங்க, இவனப் பாருங்க."

டாக்டர் சிரிஞ்சைக் கீழே வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். கேட்ட துடிப்பை விரலால் காற்றில் தட்டிக் காட்டினார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் என்னால் மூச்சு விட முடிந்தது. எழுபதுகூட இருக்காது. மானிட்டர் மட்டும் நூற்று முப்பத்தெட்டிலேயே உறைந்து நின்றது. அது ஒரு நன்கொடை மானிட்டர். கொடுத்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு திரையைவிடப் பெரியது. தகட்டை வாரந்தோறும் துடைத்தோம். மெஷினைச் சரிபார்க்க ஆள் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"ஆக்சிஜன்," என்றார் டாக்டர். சிறிய மாஸ்க்கை வைத்து, மூச்சு கொடுக்கும் பேக்கை அழுத்தத் தொடங்கினேன். அவர் கால்சியம் ஏற்றினார். காரணம் தேடி அவர் கண் சுற்றியது. குழாய் சரியாக இருக்கிறது. அளவு சரியாக இருக்கிறது.

"அந்தத் தண்ணி ஆறிப் போச்சு," என்றாள் பாண்டியம்மா. "ஆவி வரல பாருங்க. நான் பேச ஆரம்பிச்சப்ப வந்துச்சு."

ஐஸ் பெட்டியில் வந்த ரத்தத்தை அப்படியே ஏற்றக் கூடாது. அதன் டியூபை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பேசினில் சுருட்டிப் போட்டிருந்தோம். அதில் வெந்நீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்ற வேண்டியவள் நான். எண்ணிக்கையில் மூழ்கி முக்கால் மணி நேரம் மறந்திருந்தேன். கொடைக்கானல் குளிரில் அது பச்சைத் தண்ணீராகியிருந்தது. இரண்டு கிலோ அறுநூறு எடையுள்ள பிள்ளையின் நெஞ்சுக்குள் நான் குளிர்ந்த ரத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன். சுற்றுலாக்காரர்களுக்கு வாளி வாளியாக வெந்நீர் தூக்கியவளுக்கு, தண்ணீர் எப்போது ஆறும் என்று தெரிந்திருந்தது.

கதவைத் திறந்து சுருளியைப் பார்த்து, "வெந்நீ! வெரசா!" என்று கத்தினேன். அவர் கேன்டீனுக்கு ஓடி, டீக்கு வைத்திருந்த பாய்லர் தண்ணீரை இரண்டு ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார்.

அதற்குள் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பேக்கை அழுத்திக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் மறுபடி ஆரம்பித்திருந்தாள். குரல் தேய்ந்து போயிருந்தது. "முன்னூத்தி ஒண்ணு... முன்னூத்தி ஒண்ணுல யாரும் இல்ல... முன்னூத்தி ரெண்டுலயும் யாரும் இல்ல..." அந்தக் காட்டேஜ் முழுவதும் காலியாகிவிட்டது போலிருந்தது.

முன்னூற்று ஐந்தில் பிள்ளை அழுதான். நல்ல அழுகை. டாக்டர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு, "நூத்தி இருவது," என்றார். ஸ்வெட்டர் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, கையுறை மாற்றிக்கொண்டு மறுபடி சிரிஞ்சை எடுத்தார்.

நான்கே காலுக்கு முடித்தோம். நாற்பத்தைந்து சுற்று. பிலிருபின் பாதியாக இறங்கியிருந்தது.

பாண்டியம்மாவை எழுப்பும்போதுதான் பார்த்தேன். ஸ்டூலும், சேலையும், காலடித் தரையும் ரத்தம். பிரசவமான மறுநாள் பெண்ணை இரண்டரை மணி நேரம் உட்கார வைத்திருக்கிறோம். துணி மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சொல்ல வேண்டியதுதானம்மா?" என்று கத்தினேன்.

"சொன்னா வெளிய அனுப்பிருவீங்கள்ல," என்றாள்.

5. பாராட்டு விழா

ஐந்தாம் நாள் மருத்துவமனை முன்கூடத்தில் ஒரு சின்ன விழா நடந்தது. ஏஓ ஏற்பாடு. மலையில் முதல்முறையாக இப்படி ஒரு சிகிச்சை என்று பேனரில் போட்டார்கள். மூன்றாவது முறை என்று சொன்னேன். "முதல்முறைன்னாதான் பேப்பர்ல வரும் சிஸ்டர்," என்றார். மானிட்டர் கொடுத்த நன்கொடையாளருக்குச் சால்வை போட்டார்கள். அவருடைய மெஷின் உரிய நேரத்தில் எச்சரித்ததால்தான் குழந்தை பிழைத்தது என்று ஏஓ மைக்கில் பேசினார். டாக்டர் நிவேதிதா மைக்கை வாங்கி, "எச்சரிச்சது அவங்கம்மா," என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் குறைவாக இருந்தது.

அம்மா கூட்டத்தில் இல்லை. அவளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவள் பிரிவுக்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கலாம் என்று அனுமதி கொடுத்தது நான். பெரிய தாராளம் ஒன்றும் இல்லை. அவளிடம் 'வெளியே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

6. பழைய ஃபைல்

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள், சம்மரி எழுதுவதற்காக, பாண்டியம்மாவின் முதல் பிரசவ ஃபைலை எடுத்து வரும்படி டாக்டர் சொன்னார். நான்கு வருடத்துக்கு முன் எங்களிடமே பெண் குழந்தை பிறந்திருந்தது. ரெக்கார்டு ரூமில் தூசி தட்டி எடுத்து, நின்றபடியே பிரித்துப் பார்த்தேன்.

தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால், பிரசவமான எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி என்று ஓர் ஊசி போட வேண்டும். போட்டுவிட்டால் அவள் உடம்பில் அந்த எதிர்ப்பு உண்டாகாது. அடுத்த பிள்ளைக்கு இந்தக் கதி வராது. ஃபைலில் அந்த இடத்தில் எழுதியிருந்தது: 'ஸ்டாக் இல்லை. திங்கட்கிழமை வர அட்வைஸ் செய்யப்பட்டது.' கீழே வேறு மையில்: 'நோயாளி வரவில்லை.'

இரண்டும் என் கையெழுத்து.

முதல் வரி, பிரசவ வார்டு டிஸ்சார்ஜையும் நான் பார்த்த ஒரு சனிக்கிழமை எழுதியது. வத்தலக்குண்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஒரு போன் போட்டிருந்தால் மாலை பஸ்ஸில் மருந்தை ஏற்றிவிட்டிருப்பார்கள். போடவில்லை. இரண்டாவது வரி மாதக் கடைசியில் எழுதியது. ஆடிட்டுக்கு முன்னால் காலி இடமெல்லாம் நிரப்பச் சொன்னார்கள். அன்று இருபது ஃபைலில் அதே வரியை எழுதியிருப்பேன்.

ஃபைலை டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவரும் சம்மரியில் 'முன்பு ஊசி போடப்படவில்லை' என்று எழுதி முடித்திருப்பார். யார் போடவில்லை என்று சொல்லாமல் எழுத மருத்துவமனை மொழியில் வசதி உண்டு. அந்த மொழி எனக்கு நன்றாகவே வரும்.

பாண்டியம்மாவின் கட்டிலுக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஃபைலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பப்பாளி இல்லை, கிரகணம் இல்லை, இந்த ஊசிதான் என்று சொன்னேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

அவள் நெடுநேரம் பிள்ளையின் காலையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "இப்பப் போட்டா சரியாயிருமா?"

"இல்லம்மா. இனிமே போட்டுப் பிரயோசனம் இல்ல. அடுத்த பிள்ளைன்னா மொத மாசத்துல இருந்தே பெரிய ஆஸ்பத்திரியில பாக்கணும்."

"அப்ப இவன் பட்டது பூரா..."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு நல்லது. அவள் அந்த நல்லதைச் செய்யவில்லை. ஃபைலைத் தன் பக்கம் திருப்பி, இரண்டாவது வரியில் விரல் வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"நோயாளி வரலைன்னு."

"நான் வந்தேன் சிஸ்டர்." முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "திங்கக்கெழம மூணு நாள் பிள்ளையத் தூக்கிக்கிட்டு மொத பஸ்ஸுல வந்தேன். நீங்க லீவுன்னாங்க. கவுன்டருல ஒரு ஆளு, மருந்து வரல, வெயாழக்கெழம வான்னாரு. வெயாழக்கெழம வந்தேன். நாளு தாண்டிப் போச்சு, இனிமே வேண்டியதில்லன்னு அனுப்பிட்டாங்க. என்ன ஊசின்னுகூட யாரும் சொல்லல. ரெண்டு தடவ வந்தேன். வரலைன்னு எப்பிடி எழுதுவீங்க?"

ஃபைலை மூடப் போனேன். அவள் விரலை எடுக்கவில்லை.

"அதை மாத்தி எழுதுங்க," என்றாள். "பிள்ளைக்கு வந்தது வந்துருச்சு. நான் வரலைன்னு மட்டும் இருக்கக் கூடாது."

பேனாவை எடுத்தேன். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே எழுதினேன்: 'மேலே உள்ளது விசாரிக்காமல் எழுதப்பட்டது. நோயாளி திங்கட்கிழமை வந்தார். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினோம். வியாழக்கிழமையும் வந்தார். காலம் கடந்துவிட்டது. தவறு நம்முடையது.' அன்றைய தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"சரி," என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய ரெக்கார்டில் கை வைத்ததற்காக ஏஓ எனக்கு மெமோ கொடுத்தார். முப்பத்தொரு வருடத்தில் நான் வாங்கிய ஒரே மெமோ அது. வரவில்லை என்று பொய் எழுதியபோது ஒருவரும் மெமோ கொடுக்கவில்லை. அந்த மாத ஆடிட்டில் எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக்கூட வந்தது.

பையனுக்கு மூன்றாம் மாதம் காது பரிசோதித்தார்கள். இரண்டு காதும் கேட்கின்றன. இப்போது வில்பட்டியில் பள்ளிக்கூடம் போகிறான்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் கற்றதைச் சொல்ல வேண்டுமென்றால் இதுதான். பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவள் ஏதாவது சொன்னால், மெஷினை அப்புறம் பாருங்கள். மருந்து இல்லையென்றால் 'அட்வைஸ் செய்யப்பட்டது' என்று எழுதிப் பேனாவை மூடாதீர்கள். போனை எடுங்கள். மருந்து வந்து சேரும் வரை எடுங்கள். காலி இடத்தை நிரப்பச் சொன்னால், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நீங்கள் வேலை முடிந்தால் போதும் என்று ஒரு வரி எழுதும் நேரத்தில், யாரோ ஒருத்தி மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருப்பாள்.